விரிசலின் மேல் ஒரு சந்தனப் பொட்டு

“பரவாயில்லை” என்ற சொல்லை அந்த அம்மையாரின் வாயிலிருந்து நான் ஒருமுறையேனும் கேட்டதில்லை. இந்த நகரத்தில் அது சிறிய செய்தியன்று. ரயிலில் காலை மிதித்தவரிடமும், மருந்தகத்தில் நம் எண்ணை அழைக்க மறந்தவரிடமும் பரவாயில்லை சொல்லியே வாழப் பழகியவர்கள் நாம். மன்னிப்புக் கேட்டவர் வாயை மூடுவதற்குள் நம்முடைய பரவாயில்லை முந்திக்கொண்டு வந்து நிற்கும். அம்மையார் அதற்கு விலக்கு. யாரேனும் “சாரி” என்றால், சினம் கொள்ளாமல், குரலையும் உயர்த்தாமல், ஒரே ஒரு கேள்வியைக் கேட்பார்.

“சரி, இப்ப என்ன செய்யப்போறீங்க?”

சிராங்கூன் சாலைக்கு அருகில் ஓர் உணவகத்தில் அக்கேள்வியை நான் முதன்முதலாகக் கேட்டேன். அன்று வெள்ளிக்கிழமை, அவருக்கு விரதம். சைவச் சாப்பாடு கேட்டு அமர்ந்திருந்தவரின் இலையில், பரிமாறிய இளைஞர் ஏதோ நினைவில் மீன் குழம்பை ஊற்றிவிட்டார்.

“ஐயோ, சாரிக்கா, தெரியாம ஊத்திட்டேன்.”

“பரவாயில்ல தம்பி,” என்று என் துணைவியார் பக்கத்து நாற்காலியிலிருந்து அவசரமாகச் சொன்னார். அம்மையார் அவரைத் திரும்பிப் பார்த்தார். “ஒங்க எலையிலயா ஊத்துனாரு?” என்றார். பிறகு அந்த இளைஞரிடம் தம் கேள்வியைக் கேட்டார்.

அவர் விழித்தார். “எலைய மாத்துறேங்க்கா.”

“அப்புறம்?”

“கைய கழுவிட்டு... வேற கரண்டி எடுத்துட்டு வரேன்.”

“அதான் தம்பி. அத செய்யுங்க. சாரிய வச்சிக்கிட்டு நான் என்ன சோத்துல பெசஞ்சா சாப்பிடுறது?”

இளைஞரும் சிரித்துவிட்டார். புதிய இலை வந்தபின் அவருடைய ஊர், தாய் தந்தையர், தூங்க நேரம் கிடைக்கிறதா என்பவற்றையெல்லாம் விசாரித்துக்கொண்டே அம்மையார் உண்டார். அவரிடம் பகைமை எள்ளளவும் இல்லை. தவறு செய்தவர் அடுத்துச் செய்யவேண்டிய ஒன்றைத் தாமே தம் வாயால் சொல்லவேண்டும்; அவ்வளவே அவருடைய எதிர்பார்ப்பு.

குவீன்ஸ்டவுனில் எங்கள் மாடியின் கடைசி வீடு அவருடையது. ஆகையால் “கடைசி வீட்டு அக்கா” என்றே எல்லாரும் அழைப்பர். லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையின் மாடியில் நெடுங்காலம் இரவிக்கை தைத்தவர். கணவர் சாங்கியில் விமானச் சரக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சிரித்த முகத்தினர், பக்கத்து வீட்டு மலாய் மாதரிடம் மலாயிலும், எதிர்வீட்டுச் சீனப் பெரியவரிடம் ஹொக்கியனிலும் வேடிக்கை பேசுவார். பக்கவாதம் அவருடைய வலப்புறத்தையும் பேச்சில் பெரும்பகுதியையும் எடுத்துக்கொண்டது. எஞ்சியவை சில சொற்களும் ஓர் இடக்கையும்.

அம்மையார் தம் கேள்வியைப் பிறரிடம் மட்டுமே கேட்டவர் என்று யாரும் எண்ணிவிடலாகாது. கணவர் நோயில் விழுமுன், ஒரு திருமணத்திற்கு முந்தைய நாள், மணப்பெண்ணின் இரவிக்கையில் கைப்பகுதியை அளவு மாற்றி வெட்டிவிட்டார். பெண்ணின் தாயார் தொலைபேசியில் அழுதார். இவர் மன்னிப்பும் கேட்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. “நான் மெஷினோட வரேன்,” என்று மட்டும் சொல்லி, கையால் சுற்றும் தையல் இயந்திரத்தைக் கணவரின் தோளில் ஏற்றித் தெம்பனிஸ்வரை சென்று, அந்த வீட்டுச் சமையலறையில் அமர்ந்து புதிதாகத் தைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். “அழுத புள்ளைக்கு சாரி சொன்னா கை நீளமாயிடுமாண்ணே?” என்று என்னிடம் கேட்டார்.

இனி அந்தச் சுவரின் கதைக்கு வருகிறேன்.

சுமத்ராப் பக்கம் நிலம் நடுங்கும்போது எங்கள் பழைய அடுக்குமாடியும் சற்றே அசைவதுண்டு. தொங்கும் விளக்கு ஆடும். மீன்தொட்டியின் நீர் தளும்பும். நாங்கள் கீழ்த்தளத்திற்கு இறங்கிச் சென்று ஒருவரையொருவர் நலம் விசாரித்துவிட்டுத் திரும்புவோம். ஒரு நாள் காலை அந்த அசைவு வழக்கத்தைவிடச் சற்று நீண்டது. நாங்கள் இறங்கினோம். நோயாளியை விட்டு வர இயலாமல் அம்மையார் மட்டும் மேலேயே தங்கினார். நான் திரும்பி வந்து பார்த்தபோது, கணவரைக் கூடத்தில் சக்கர நாற்காலியில் வைத்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, ரூம்ல போயிப் பாருங்க,” என்றார்.

படுக்கையறைச் சுவரில் மேலிருந்து சன்னல்வரை ஒரு விரிசல் ஓடியிருந்தது. அதன் ஓரத்துப் பூச்சு, உள்ளங்கை அகலத்தில் பெயர்ந்து தலையணையின் நடுவே விழுந்து கிடந்தது. கஞ்சிக்காக அவரை வெளியே கொண்டுவராமல் இருந்திருந்தால் அது எங்கே விழுந்திருக்கும் என்பதை நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

வீடுகளுக்கான அரசுக் காப்புறுதியைக் கவனிக்கும் ஓர் அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தார். தமிழர், இளவயதினர், பணிவானவர். விரிசலின் குறுக்கே ஒரு சிறு கருவியைப் பொருத்தினார். ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த இரு தெளிந்த தகடுகள். ஒன்றில் கட்டங்கள், மற்றதில் சிவப்பு நிறக் கூட்டல் குறி. சுவர் நகர்ந்தால் அந்தக் குறியும் கட்டங்களின் மேல் நகரும்.

“இத யாரும் தொடக்கூடாது ஆன்ட்டி. சுவத்தையும் தொடக்கூடாது, பூசக்கூடாது. தொட்டா கிளைம் போயிடும் லா. அங்கிள் இந்த ரூம்ல படுக்கவே கூடாது, டேஞ்சர்.”

“எவ்வளவு நாளைக்குத் தம்பி?”

“மாசம் ஒரு தடவ வந்து பார்ப்போம். ரெண்டு மூணு மாசம் நகரலன்னா சேஃப். ரிப்பேர் பண்ணிக் குடுத்துடுவாங்க.”

அடுத்த மாதம் ஒருமுறை வந்தார். அதன்பிறகு வரவில்லை.

எங்கள் வீடுகளின் அமைப்பை அறிந்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும். வாயிற்கதவைத் திறந்தால் கூடம். கூடத்தின் நடுவே இப்போது அவருடைய கட்டில். நடைபாதையில் செல்வோர் அனைவரும் அவரைக் காண்பர். அம்மையார் கயிறு கட்டிப் பழைய சேலைகளைத் திரையாகத் தொங்கவிட்டார். மின்விசிறி சுழன்றால் சேலை விலகும். விசிறியை நிறுத்தினால் நோயாளிக்கு வியர்க்கும். நோன்புப் பெருநாளன்று பக்கத்து வீட்டு மலாய் மாதர் பலகாரத்தட்டோடு உள்ளே நுழைந்த வேளையில், அம்மையார் கணவருக்கு உடை மாற்றிக்கொண்டிருந்தார். சேலை விலகியது. அந்த நல்ல பெண்மணி பதறித் திரும்பிக்கொண்டார். கணவரோ தம் இடக்கையை எடுத்துத் தம் கண்களை மூடிக்கொண்டார். ஊரையே சிரிக்கவைத்த மனிதர் அன்று முழுவதும் பேசவில்லை. மாலையில் ஒரே ஒரு சொல் சொன்னார்.

“ரூமு.”

அதன்பின் அச்சொல்லை நாள்தோறும் சொன்னார். கேட்பதுபோலவும் இராது, புலம்புவதுபோலவும் இராது. அறையின் திசையை நோக்கிச் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்வார்.

அம்மையார் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தார். இசை ஒலித்தது, உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம் என்றது ஒரு பதிவுக் குரல். “அந்த மெஷின்கிட்டயும் கேட்டேண்ணே, சரி இப்ப என்ன செய்யப்போறேன்னு. மறுபடியும் பாட்டு போடுது,” என்றார். மனிதர் கிடைத்த நாள்களில், “கேஸ் பரிசீலனைல இருக்கு ஆன்ட்டி,” என்றார்கள். மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்கள், மகன் அனுப்பினார், கிடைத்தது என்று ஒரு பதில் வந்தது. எதைக் கேட்டாலும் கிடைத்தது என்பதே பதிலாக இருந்தது.

மார்சிலிங்கில் வசிக்கும் அந்த மகன் ஒரு ஞாயிறன்று பொறுமையிழந்தார்.

“விடும்மா. நானே ஆள் வச்சுப் பூசிடுறேன். ரெண்டு நாள் வேல. அப்பா உள்ள போயிடலாம்.”

“பூசிடலாம். உள்ள சுவரு நகருதா இல்லையான்னு யாருடா சொல்லுவா?”

“ஒண்ணும் ஆவாதும்மா.”

“நீ சொல்றியா? எழுதிக் குடுக்குறியா, உங்கப்பா தலமேல விழாதுன்னு?”

மகன் மெல்லிய குரலில், “உன் பிடிவாதத்துக்கு அப்பா நடுஹால்ல கெடக்குறாரும்மா,” என்றார்.

அந்தச் சொல் எனக்கும் சரியென்றே பட்டது. அம்மையார் விலகிய சேலைத் திரையை இழுத்துவிட்டார். “அவங்க மூட சொன்ன ரூமுடா. அவங்கதான் தொறந்து விடணும். சேஃப்னு ஒருத்தன் என் மூஞ்சப் பார்த்துச் சொல்லட்டும், அன்னிக்கே கட்டில தூக்குவேன்,” என்றார்.

இந்நிலையில் நவராத்திரி வந்தது. சரசுவதி பூசையன்று அவர் வீட்டில் ஒரு கருவி விடாமல் சந்தனமும் குங்குமமும் பெறும். தையல் இயந்திரம், கத்தரிக்கோல், சோறு வடிக்கும் குக்கர், கணவரின் சக்கர நாற்காலி, இரத்த அழுத்தம் பார்க்கும் இயந்திரம் என ஒவ்வொன்றுக்கும் பொட்டிட்டுக்கொண்டே சென்றவர், பூட்டிக் கிடந்த அறையையும் திறந்தார். சுவரிலிருந்த கருவிக்கும் நடுவில் ஒரு பொட்டிட்டார். சந்தனம், அதன்மேல் குங்குமம்.

அதற்கு அடுத்த வாரம், எவரும் எதிர்பாராத ஒரு பிற்பகலில் அதிகாரி வந்து நின்றார். அறைக்குள் சென்றவர் கருவியருகே குனிந்து பார்த்தார்.

“ஆன்ட்டி... இது என்ன ஆன்ட்டி?”

“பொட்டு.”

“அய்யோ! யாரு வச்சா?”

“நாந்தான். சரசுவதி பூசை இல்ல?”

“தொடக்கூடாதுன்னு சொன்னேன்ல? ரீடிங்கே தெரியல. கை வச்சு டேம்பர் பண்ணதா ஆயிடும் ஆன்ட்டி.”

அம்மையார் இடுப்பில் கைவைத்து நின்றார். “தம்பி, நீங்க தமிழ்ப் புள்ளதான? ஒங்க அம்மா வீட்ல பூசையன்னிக்கு ஒங்க லேப்டாப்புக்குப் பொட்டு வைக்க மாட்டாங்களா?”

“வைப்பாங்க, ஆனா...”

“எங்க வீட்ல அத்தனைக்கும் வச்சேன். குக்கருக்கு வச்சேன். நீங்க கொண்டாந்து மாட்டுனதும் கருவிதான? இத்தன மாசமா எங்களோடதான குடியிருக்கு? அத மட்டும் ஒதுக்கி வைக்கச் சொல்றீங்களா?”

அதிகாரியின் உதட்டில் சிரிப்பு வந்து மறைந்தது. “சரி, நான் தொடச்சிடுறேன்,” என்று அம்மையார் முந்தானையை எடுத்தார்.

“வேணாம் வேணாம்! இப்ப தொட்டா இன்னும் மோசம் லா.” அவர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். “புதுசு மாட்டி மொதல்லேர்ந்து அளக்கணும் ஆன்ட்டி. சாரி.”

“சரி, இப்ப என்ன செய்யப்போறீங்க?”

“ரிப்போர்ட் போடுவேன்.”

“அப்புறம்?”

“டீம் பார்ப்பாங்க.”

“அப்புறம்?”

“அவங்கதான்... சொல்லுவாங்க.”

“நீங்க வராத மாசத்தப் பத்தியும் ரிப்போர்ட்ல போடுவீங்களா, இல்ல பொட்டு மட்டும்தானா?”

சேலைத் திரைக்கு அப்பால் கட்டிலிலிருந்து குரல் வந்தது: “ரூமு.” அதிகாரி தலைகுனிந்து காலணியை மாட்டிக்கொண்டு சென்றார்.

அன்று மாலை அம்மையார் கணவரின் அருகில் அமர்ந்தார். நானும் இருந்தேன். “ஏங்க, அந்த ஆபீசுக்கே போயிடலாமா? இங்க செய்யுறதெல்லாம் அங்க வச்சுதான் செய்யணும். எல்லாரும் பார்ப்பாங்க. ஒங்களுக்குச் சம்மதம்னாதான்,” என்றார். அவர் கூரையைப் பார்த்தபடி நெடுநேரம் கிடந்தார். பிறகு இடக்கையால் அம்மையாரின் மணிக்கட்டைப் பற்றினார். “போலாம்.”

சக்கர நாற்காலி ஏறும் வண்டியொன்றை அமர்த்திச் சென்றோம். ஒரு தலையணை, ஒரு போர்வை, கஞ்சி, மாற்றுடை, இரண்டு பழைய சேலைகள். இவையே எங்கள் மூட்டை. அலுவலகத்தின் காத்திருப்புக் கூடம் குளிர்ந்து, துப்புரவாக, மெத்தென்ற இருக்கைகளோடு இருந்தது. அம்மையார் அதன் நடுவே நாற்காலியை நிறுத்தித் தலையணையை வைத்தார். எண் அழைக்கப்பட்டபோது முகப்பிலிருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு அந்த இளம் அதிகாரியை வரவழைத்தார்.

“ஆன்ட்டி! அங்கிள ஏன் கூட்டிட்டு வந்தீங்க?”

“அவர் ரூமு ஒங்ககிட்டதான தம்பி இருக்கு. அதான் கூட்டிட்டு வந்தேன்.”

“இங்கயே இருந்தா எப்படி ஆன்ட்டி...”

“நீங்க ஒங்க வேலயப் பாருங்க. நான் என் வேலயப் பார்க்குறேன்.”

கஞ்சி ஊட்டினார். வாயைத் துடைத்தார். பிறகு உடை மாற்றும் வேளை வந்தது. சேலையின் ஒரு முனையை என்னிடமும், மறுமுனையைக் காத்திருந்த முன்பின் அறியாத ஒரு சீன மாதரிடமும் கொடுத்தார். அந்த மாதர் ஒரு சொல்லும் கேளாமல் எழுந்து நின்று பிடித்துக்கொண்டார். அதிகாரி ஓடிவந்தார்.

“உள்ள மீட்டிங் ரூம் இருக்கு ஆன்ட்டி! அங்க போயிடலாம், ப்ளீஸ்.”

“வேணாம் தம்பி. எங்களுக்கு ஹால் பழகிடுச்சு.”

கூடத்தில் இருந்தவர்கள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டனர். சிலர் கைப்பேசிக்குள் தலையைப் புதைத்தனர். நான் நோயாளியின் முகத்தைப் பார்த்தேன். இம்முறை அவர் கண்களை மூடவில்லை. சேலையின் விளிம்புக்கு மேலே, முகப்பின் பின்னாலிருந்த கண்ணாடி அறைகளை நேராக நோக்கிக்கொண்டிருந்தார். அங்கிருந்தோர்தாம் பார்வையைத் தாழ்த்தினர்.

உள்ளிருந்து மூத்த அதிகாரி ஒருவர் வந்தார். “சாரி, மேடம்,” என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். அம்மையாரின் கேள்வியை இளைஞர் மொழிபெயர்த்தார். எந்தக் கிழமை, யார் வருவார், வந்தவர் அன்றைக்கே முடிவு சொல்வாரா என்று ஒவ்வொன்றுக்கும் விடை பெற்ற பிறகே அம்மையார் தலையணையை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

சொன்ன வியாழனன்று பொறியாளர் வந்தார். நடுவயதுச் சீனப் பெண். கருவியைப் பார்த்தார், கைப்பையிலிருந்து ஈரத்தாள் ஒன்றை எடுத்தார், சந்தனத்தைத் துடைத்தார். அவ்வளவுதான். தகடு பளிச்சென்று தெரிந்தது. சிவப்புக் குறி, பொருத்திய அன்று இருந்த கட்டத்தின் நடுவிலேயே, மயிரிழையும் பிசகாமல் நின்றது. சுவர் முழுவதையும் தட்டிப் பார்த்தார். விரிசல் மேற்பூச்சோடு சரி, உள்ளே உறுதியாக இருக்கிறது, நகரவே இல்லை, அறை பாதுகாப்பானது என்றார்.

“அப்ப மூணாவது மாசம் வந்து பார்த்திருந்தாலே...?” என்று அம்மையார் கேட்டதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

பொறியாளர் ஈரத்தாளை மடித்தார், மேலும் மடித்தார். “யெஸ், ஆன்ட்டி. சாரி.”

வழக்கமான கேள்வி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. “என்கிட்ட சொல்லாதீங்க. படுத்திருக்காரே, அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க,” என்றார். அதையும் எடுத்துச் சொன்னேன். அந்தப் பெண்மணி சேலையை விலக்கிக் கட்டிலருகே சென்று, குனிந்து, அறை பாதுகாப்பானது என்பதையும் தம் வருத்தத்தையும் நோயாளியின் முகத்துக்கு நேரே சொன்னார். அவர் கூர்ந்து கேட்டுக்கொண்டார். அவரும் பரவாயில்லை சொல்லவில்லை.

அலுவலகமே ஆள்களை அனுப்பிச் சுவரைப் பூசி, வண்ணமும் அடித்துக் கொடுத்தது. பூச்சு உலர்ந்ததும் மகனும் நானும் கட்டிலைத் தூக்கி உள்ளே போட்டோம். அம்மையார் கூடத்துக் கயிற்றை அறுத்துச் சேலைகளைத் துவைக்கப் போட்டார். சன்னல் ஓரமாகப் படுத்த கணவர் சுற்றிலும் பார்த்தார், மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“கதவு,” என்றார்.

நாங்கள் வெளியேறினோம். அம்மையார் கதவைச் சாத்திவிட்டு, கூடத்தின் வெறுமையைச் சற்றுநேரம் பார்த்து நின்றார். பிறகு தேநீர் போடச் சென்றார்.

நாங்கள் தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில் அந்த இளம் அதிகாரி வந்து சேர்ந்தார். வேலை முடிந்தது என்று வீட்டுக்காரர் கையொப்பம் இட்டால் கோப்பினை மூடிவிடலாமாம். வீடு கணவரின் பெயரில் இருந்தது.

“ஒரே ஒரு சைன் ஆன்ட்டி. இடக்கையால போட்டாலும் போதும். ரெண்டு நிமிஷம்.”

அம்மையார் எழுந்து சென்று கதவை இருமுறை தட்டினார். “ஏங்க, ஆபீஸ்லேருந்து வந்திருக்காங்க. வரட்டுமா?”

உள்ளிருந்து, நோய் வந்த நாளிலிருந்து நான் கேட்டிராத தெளிவோடு அந்தக் குரல் வந்தது.

“இப்ப முடியாது.”

அதிகாரி அம்மையாரைப் பார்த்தார். “ஆன்ட்டி, இன்னிக்கே சப்மிட் பண்ணணும்...”

“கேட்டீங்கல்ல தம்பி? அவர் ரூம்ல இருக்காரு,” என்றார் அம்மையார். அடுப்படிக்குச் சென்று அதிகாரிக்கும் ஒரு கோப்பைத் தேநீர் கலந்து கொண்டுவந்து கையில் கொடுத்தார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாத்திய கதவைப் பார்த்தார். அந்தக் கதவு அன்று மாலைவரை திறக்கவில்லை. எங்களில் ஒருவரும் அதை மறுபடி தட்டவுமில்லை.